கல்லூரிப் படிப்புத் தகவலைத் திறந்த தரவாக வைப்பது என்றால் என்ன?

பிளஸ் டூ ரிசல்ட் வந்த வாரத்தில் தருமபுரியிலிருந்து பென்னாகரம் போகும் பஸ்ஸில் ஏறினால் பேச்சு முழுக்க ஒன்றுதான். "மார்க் எவ்வளவு? எங்கே சேர்க்கப் போறீங்க?" சில வருடங்களுக்கு முன் அப்படி ஒரு வாரத்தில், எங்கள் தெருப் பெண் ஒருத்தியும் அவள் அப்பாவும் விடியற்காலையில் கிளம்பி, இரண்டு பஸ் மாறி, கிருஷ்ணகிரிப் பக்கம் இருந்த ஒரு தனியார் கல்லூரிக்குப் போனார்கள். அவளுக்கு நுண்ணுயிரியல் படிக்க ஆசை. அந்தக் கல்லூரியின் இணையப் பக்கத்தில் அந்தப் படிப்பு இருந்தது. போனில் பார்த்துச் சொன்னவன் நான்தான்.

அங்கே அலுவலகத்தில், "அந்த கோர்ஸை நிறுத்தி ரெண்டு வருஷம் ஆச்சும்மா, பி.காம். இருக்கு, சேர்றியா?" என்று கேட்டிருக்கிறார்கள். அப்பாவுக்கு ஒரு நாள் கூலி போயிற்று. பஸ் காசு தனி. திரும்பி வந்த அந்தப் பெண் என்னிடம் கோபப்படவே இல்லை. கோபப்பட்டிருந்தால்கூட எனக்குக் கொஞ்சம் ஆறுதலாக இருந்திருக்கும்.

அன்று ராத்திரி உட்கார்ந்து தேடினேன். அதே தவறான தகவல் வேறு நான்கு 'அட்மிஷன் வழிகாட்டி' தளங்களிலும் இருந்தது. எல்லாம் அந்தக் கல்லூரியின் பழைய பக்கத்தைப் பார்த்து எடுத்து எழுதியவை. ஒன்றில்கூட இது எந்த வருடத்துத் தகவல் என்று போடவில்லை. கல்லூரி பொய் சொல்லவில்லை, அந்தத் தளங்களும் பொய் சொல்லவில்லை. தகவல் ஒரு இடத்தில் மாறியது, மற்ற இடங்களுக்கு அது போய்ச் சேரவில்லை. அவ்வளவுதான் நடந்தது. இதற்கு ஒரு தீர்வு இருக்கிறது. அதற்குப் பெயர்தான் தரப்படுத்திய திறந்த தரவு. பெயர் பெரிதாக இருந்தாலும் விஷயம் எளிமையானது.

தகவல் எங்கெங்கே கிடக்கிறது

தருமபுரி மாவட்டத்துப் பிள்ளை ஒருத்தி பிளஸ் டூ முடித்ததும் எத்தனை இடத்தில் பார்க்க வேண்டியிருக்கிறது என்று எண்ணிப் பாருங்கள். பொறியியல் என்றால் தொழில்நுட்பக் கல்வி இயக்ககம் நடத்தும் கவுன்சலிங் தளம். செட்டிகரையில் உள்ள அரசு பொறியியல் கல்லூரியும் பர்கூரில் உள்ளதும் அதில் வரும். அரசு கலைக் கல்லூரி என்றால் அதற்கு வேறொரு தளம். வேளாண்மை என்றால் கோவை வேளாண் பல்கலைக்கழகத்தின் தளம். மருத்துவம் என்றால் தேர்வுக்குழுவின் தளம். தனியார் கலைக் கல்லூரிகள் ஒவ்வொன்றுக்கும் ஒரு தளம், அல்லது ஒரு நோட்டீஸ், அல்லது பஸ் ஸ்டாண்டில் ஒரு பிளக்ஸ். இந்தக் கலைக் கல்லூரிகள் பெரும்பாலும் சேலம் பெரியார் பல்கலைக்கழகத்தோடு இணைந்தவை. 1997-ல் தொடங்கிய அந்தப் பல்கலைக்கழகம் சேலம், நாமக்கல், தருமபுரி, கிருஷ்ணகிரி என நான்கு மாவட்டங்களைப் பார்த்துக்கொள்கிறது.

தகவலுக்குப் பஞ்சமே இல்லை என்பது இதிலேயே தெரியும். ஆனால் ஒன்று பிடிஎஃப், ஒன்று படம், ஒன்று வாட்ஸ்அப்பில் வந்த ஸ்கேன். 'என் வீட்டிலிருந்து ஒரு மணி நேரத்துக்குள், தமிழ் வழியில், வருடம் இவ்வளவு ரூபாய்க்குள் என்னென்ன படிப்பு இருக்கிறது?' என்ற கேள்விக்கு இவை எல்லாம் சேர்ந்தும் பதில் சொல்லாது. ஒன்றோடு ஒன்று பொருந்தாதவற்றை எப்படிச் சேர்த்துப் பார்ப்பது?

திறந்த தரவு

திறந்த தரவு என்றால், யார் வேண்டுமானாலும் எடுத்து, பயன்படுத்தி, மற்றவருக்கும் கொடுக்கலாம் என்ற அனுமதியோடு வெளியிடும் தரவு. 'எங்கிருந்து எடுத்தது என்று சொல்' என்ற ஒரு நிபந்தனை இருக்கலாம், தவறில்லை. இணையத்தில் பார்க்க முடிகிறது என்பதாலேயே ஒன்று திறந்த தரவு ஆகிவிடாது. பார்ப்பதற்கு அனுமதி வேறு, எடுத்துப் பயன்படுத்த அனுமதி வேறு. இரண்டாவதை எழுத்தில் தர வேண்டும். இந்தியாவில் தரவுப் பகிர்வுக் கொள்கை 2012-ல் வந்தது. அதே ஆண்டில் மத்திய அரசின் திறந்த தரவுத் தளமும் தொடங்கியது. இதற்கான பொது உரிமம் 2017-ல் வந்தது.

அனுமதி மட்டும் போதாது, தரவு எந்த வடிவில் இருக்கிறது என்பதும் முக்கியம். உலகளாவிய வலையை (www) உருவாக்கிய டிம் பெர்னர்ஸ்-லீ இதற்கு ஐந்து நட்சத்திரம் என்று ஒரு அளவுகோல் வைத்தார். திறந்த அனுமதியோடு எந்த வடிவில் போட்டாலும், ஸ்கேன் செய்த பிடிஎஃப் ஆனாலும், ஒரு நட்சத்திரம். எக்செல் மாதிரி கணினி படிக்கும் அட்டவணையாகக் கொடுத்தால் இரண்டு. எந்த நிறுவனத்தின் மென்பொருளையும் சாராத சிஎஸ்வி மாதிரி வடிவம் என்றால் மூன்று. ஒவ்வொரு பொருளுக்கும் இணையத்தில் நிலையான ஒரு முகவரி கொடுத்தால் நான்கு. அந்த முகவரிகளைப் பிறர் தரவோடு இணைத்தால் ஐந்து. நம் கல்லூரிகள் மூன்றாவது நட்சத்திரத்துக்கு வந்தாலே போதும் என்பது என் கணக்கு. மீதி இரண்டும் பின்னால் வரட்டும்.

சிஎஸ்வி என்பது காற்புள்ளி போட்டுப் பிரித்த வெறும் எழுத்துக் கோப்பு. இரண்டாயிரம் ரூபாய்ப் பழைய போனில்கூடத் திறக்கும். இதில் நம் ஊர்க்காரர்களுக்கென்றே ஒரு சிக்கல் உண்டு. பட்டத்தின் பெயரை 'பி.எஸ்சி.,' என்று கடைசியில் ஒரு காற்புள்ளியோடு எழுதும் பழக்கம் தமிழ்நாட்டில் நிறையப் பேருக்கு இருக்கிறது. கணினி அந்தக் காற்புள்ளியைப் பார்த்ததும் கட்டம் முடிந்துவிட்டது என்று நினைத்து, அடுத்த கட்டத்துக்குப் போய்விடும். பாடத்தின் பெயர் கட்டணத்தின் கட்டத்தில் வந்து உட்காரும். மதிப்பைச் சுற்றி மேற்கோள் குறி போட்டால் சரியாகிவிடும். தெரியாதவருக்கு ஒரு நாள் முழுக்கப் போகும்.

எழுத்துரு இன்னொரு தலைவலி. வானவில் அவ்வையார் போன்ற பழைய எழுத்துருவில் அடித்த பட்டியல் அந்த எழுத்துரு இல்லாத கணினியில் வெறும் குப்பையாகத் தெரியும். அதில் தேடவும் முடியாது. எல்லா மொழி எழுத்துக்கும் பொதுவான குறியீட்டு முறையான யுனிகோடைத் தமிழ்நாடு அரசு 2010-லேயே தரமாக ஏற்றுக்கொண்டது. ஆகவே யுனிகோடில் அடியுங்கள். இதில் வேறு பேச்சே வேண்டாம்.

படிப்பு வேறு, இந்த வருடத்து வகுப்பு வேறு

இந்தக் கட்டுரையில் ஒரே ஒரு விஷயத்தை மனதில் வைத்துக்கொள்வீர்கள் என்றால் அது இந்தப் பகுதியாக இருக்கட்டும். எங்கள் தெருப் பெண்ணுக்கு நேர்ந்ததன் வேர் இங்கேதான் இருக்கிறது.

கிருஷ்ணகிரி மாங்காய் மண்டிக்குப் போயிருக்கிறீர்களா? பெங்களூரா, நீலம், அல்போன்சா, சேந்தூரா என்று ரகங்கள் இருக்கின்றன. ரகத்தைப் பற்றிச் சொல்ல வேண்டியது வருடா வருடம் மாறாது. பெங்களூரா கூழுக்குப் போகும், மூக்கு நீண்டிருக்கும், அது எப்போதும் அப்படித்தான். ஆனால் இன்று காலை போச்சம்பள்ளியிலிருந்து வந்த லோடு என்ன எடை, என்ன விலை, யாருடையது என்பது அந்த லோடுக்கு மட்டும் உரிய விவரம். 'பெங்களூரா விலை என்ன?' என்று மொட்டையாகக் கேட்டால், என்றைக்கு, எந்த லோடு என்று வியாபாரி திருப்பிக் கேட்பார்.

படிப்பும் அப்படித்தான். 'இளநிலை நுண்ணுயிரியல், மூன்று ஆண்டு, இந்தெந்தப் பாடங்கள், சேர இந்தத் தகுதி' என்பது ரகம். '2025 ஜூன் முதல், இந்த வளாகத்தில், காலை ஷிப்டில், ஆங்கில வழியில், 40 இடம், விண்ணப்பக் கடைசித் தேதி இது, கட்டணம் இவ்வளவு' என்பது லோடு. அந்தக் கல்லூரியின் இணையப் பக்கம் ரகத்தை மட்டும் காட்டிக்கொண்டிருந்தது. இந்த வருடம் லோடு வரவில்லை என்பதைச் சொல்ல அந்தப் பக்கத்தில் இடமே கிடையாது.

இங்கிலாந்தில் இதே பிரச்சினை பெரிய அளவில் இருந்தது. பல்கலைக்கழகங்கள் ஒரே விவரத்தை ஒவ்வொரு வழிகாட்டித் தளத்துக்கும் வெவ்வேறு படிவத்தில் நிரப்பி அனுப்பிக்கொண்டிருந்தன. 2000-களின் நடுவில் 'எக்ஸ்.சி.ஆர்.ஐ.' என்ற பெயரில் ஒரு பொது வடிவத்தை உருவாக்கத் தொடங்கினார்கள். அதில் நான்கு அடுக்கு. மேலே பட்டியல், அதற்குள் கல்வி நிறுவனம், அதற்குள் படிப்பு, அதற்கும் உள்ளே அந்தப் படிப்பு நடக்கும் ஒவ்வொரு தடவையும். நான் ரகம், லோடு என்றது இந்தக் கடைசி இரண்டு அடுக்கைத்தான். தொடங்கும் நாள், காலம், எங்கே, எந்த மொழியில், எத்தனை இடம், எவ்வளவு கட்டணம், எப்போதிலிருந்து எப்போது வரை விண்ணப்பிக்கலாம் என்பதெல்லாம் கடைசி அடுக்கில் வரும். இதை ஒட்டி 2011-ல் ஓர் ஐரோப்பியத் தரம் வந்தது. 2012-ல் இது பிரிட்டிஷ் தரமாக, 8581 என்ற எண்ணோடு வெளியானது.

தேடுபொறிகளும் பின்னால் இதே பிரிவினைக்கு வந்து சேர்ந்தன. கூகுள், மைக்ரோசாஃப்ட், யாகூ மூன்றும் 2011-ல் தொடங்கிய 'ஸ்கீமா' என்ற பொதுச் சொற்பட்டியலில் படிப்புக்கு ஒரு வகை, படிப்பு நடக்கும் தடவைக்கு இன்னொரு வகை என்று தனித்தனியாக இருக்கிறது. கல்லூரி தன் பக்கத்தின் நிரலுக்குள் இந்தச் சொற்களைச் சேர்த்தால் தேடுபொறிக்கு விவரம் தெளிவாகப் புரியும். வெவ்வேறு ஆட்கள், வெவ்வேறு காரணத்துக்காக யோசித்தும் ஒரே இடத்துக்கு வந்தார்கள் என்பது எனக்கு இந்தப் பிரிவினையின் மேல் நம்பிக்கை தருகிறது.

பேர் மாறும், எண் மாறாது

எங்கள் ஊர்ப் பெயரை எடுத்துக்கொள்ளுங்கள். தருமபுரி என்றும் எழுதுகிறோம், தர்மபுரி என்றும் எழுதுகிறோம். நமக்கு இரண்டும் ஒன்று. கணினிக்கு இரண்டு வேறு ஊர். மாவட்டமும் மாறும். பர்கூர் அரசு பொறியியல் கல்லூரி 1994-ல் தொடங்கியபோது தருமபுரி மாவட்டத்தில் இருந்தது. 2004-ல் கிருஷ்ணகிரி தனி மாவட்டம் ஆனது, கல்லூரி அந்தப் பக்கம் போயிற்று. கட்டடம் ஓர் அடிகூட நகரவில்லை. பழைய பட்டியலையும் புதிய பட்டியலையும் பெயரையும் மாவட்டத்தையும் வைத்து ஒட்டினால், அது இரண்டு கல்லூரியாகிவிடும்.

இதற்குத்தான் எண் வேண்டும். 1972-ல் அஞ்சல் துறை ஆறு இலக்க பின்கோடு கொண்டுவந்ததும் இதே காரணத்துக்குத்தான். தருமபுரியை எப்படி எழுதினாலும் 636701 என்று போட்டால் கடிதம் வந்து சேரும். கல்லூரிகளுக்கும் எண் இருக்கிறது. அகில இந்திய உயர்கல்விக் கணக்கெடுப்பு ஒவ்வொரு கல்லூரிக்கும் ஒரு குறியீடு தருகிறது. பொறியியல் கவுன்சலிங்கில் கல்லூரிக்கும் பாடப்பிரிவுக்கும் தனித்தனிக் குறியீடு உண்டு. கவுன்சலிங்கில் உட்கார்ந்த எந்தப் பெற்றோரைக் கேட்டாலும் கல்லூரிக் குறியீட்டை மனப்பாடமாகச் சொல்வார். ஆகவே புதிதாக எண் கண்டுபிடிக்க வேண்டியதில்லை. இருக்கும் எண்ணை எல்லாப் பட்டியலிலும் ஒரு கட்டமாகச் சேர்த்தால் போதும்.

படிப்பின் பெயரில் குழப்பம் இதைவிட ஆபத்தானது. ஒரு கல்லூரியில் 'கணினி அறிவியல்', இன்னொன்றில் 'பயன்பாட்டுக் கணினி அறிவியல்', மூன்றாவதில் இன்னும் நீளமாக ஒரு பெயர். படிக்கும்போது எல்லாம் ஒன்றுபோலத் தெரியும். அரசு வேலைக்கு விண்ணப்பிக்கும்போதுதான், 'இந்தப் பட்டம் அந்தப் பட்டத்துக்கு இணையா?' என்ற கேள்வி வந்து நிற்கும். இணையானது, இணையல்ல என்று உயர்கல்வித் துறை அரசாணைகள் வெளியிடுகிறது. மூன்று வருடம் படித்து முடித்த பிறகு அந்த அரசாணையைத் தேடி அலைபவர்களை எனக்குத் தெரியும். படிப்பின் விவரத்தோடு 'இணைத்தன்மை அரசாணை எண்' என்று ஒரு கட்டம் இருந்தால், சேரும் முன்பே அது கண்ணில் படும்.

கட்டங்களில் என்ன எழுதுவது

தேதியை 06-07-2025 என்று எழுதினால் ஜூலை 6 என்று நாம் படிப்போம். அமெரிக்க முறையில் அமைத்த மென்பொருள் ஜூன் 7 என்று படிக்கும். 2025-07-06 என்று வருடத்தை முன்னால் போட்டு எழுதுவது உலகத் தரம். இதில் குழப்பத்துக்கு வழியில்லை, வரிசைப்படுத்தினாலும் காலப்படி சரியாக வரும்.

கட்டணக் கட்டத்தில் 'அரசு விதிப்படி' என்று எழுதுவதை நான் மன்னிக்க மாட்டேன். அது படிக்கும் குடும்பத்துக்கு எதையும் சொல்லாது. எண்ணாக எழுத வேண்டும், எந்த வருடத்துக்கு என்று எழுத வேண்டும், தேர்வுக் கட்டணம் அதில் சேர்த்தியா என்று தனிக் கட்டத்தில் ஆம் அல்லது இல்லை என்று போட வேண்டும்.

பயிற்று மொழிக்குத் தனிக் கட்டம் வேண்டும் என்று வெளிநாட்டுத் தரங்களே சொல்கின்றன. நம் மாநிலத்தில் அதன் எடை இன்னும் அதிகம். தமிழ் வழியில் படித்தவர்களுக்கு அரசுப் பணியில் 20 சதவீத முன்னுரிமை இருக்கிறது. ஒரே கல்லூரியில் ஒரே வரலாறு தமிழ் வழியாகவும் ஆங்கில வழியாகவும் நடக்கும்போது, அவை இரண்டு தனி வரியாக வர வேண்டும். ஒரே வரியில் 'தமிழ்/ஆங்கிலம்' என்று எழுதுவது பிள்ளையின் எதிர்காலத்தை ஒரு சாய்கோட்டுக்குள் மறைத்துவிடும்.

எல்லாவற்றுக்கும் மேலே 'கடைசியாகச் சரிபார்த்த தேதி' என்று ஒரு கட்டம். அன்று நான் பார்த்த பக்கத்தில் அது மட்டும் இருந்திருந்தால், அந்தப் பெண்ணைக் கிளம்பும் முன் ஒரு போன் போட்டுக் கேட்கச் சொல்லியிருப்பேன். அப்புறம் 'நிலை' என்ற கட்டம். நடக்கிறது, இந்த ஆண்டு இல்லை, நிறுத்தப்பட்டது என்ற மூன்றில் ஒன்று. நிறுத்திய படிப்பின் வரியை அழித்துவிடக் கூடாது. அழித்தால், மற்ற தளங்களில் தங்கிவிட்ட பழைய நகலை யாரும் பொய்யென்று கண்டுபிடிக்க முடியாது.

கல்லூரிக்கு இதில் என்ன லாபம்?

நியாயமான கேள்வி. ஒரு கல்லூரி அலுவலகத்தில் உட்கார்ந்து பார்த்தவருக்குப் பதில் தெரியும். அதே படிப்புப் பட்டியலை உயர்கல்விக் கணக்கெடுப்புக்கு ஒரு முறை, பல்கலைக்கழகத்துக்கு ஒரு முறை, கல்லூரிகளின் தரத்தை மதிப்பிடும் நாக் குழுவுக்கு ஒரு முறை, தரவரிசைக்கு ஒரு முறை, சொந்த இணையதளத்துக்கு ஒரு முறை என்று ஒரே கிளார்க் திரும்பத் திரும்ப அடிக்கிறார். ஒவ்வொரு முறையும் ஒரு சின்னப் பிழை புகும். ஒரே கோப்பைச் சரியாக வைத்துக்கொண்டு அதிலிருந்தே எல்லோருக்கும் கொடுத்தால் அந்த வேலை பாதியாகக் குறையும். கிராமத்துப் பிள்ளைகள் தேடும் இடத்தில் தானும் தெரியும் என்பது கூடுதல் லாபம். விளம்பரத்துக்குப் பணம் இல்லாத அரசுக் கல்லூரிகளுக்கு இது பெரிய உதவி.

பேருந்து நேரத்துக்கு இது நடந்தேவிட்டது. 2005-ல் அமெரிக்காவின் போர்ட்லாந்து நகரப் போக்குவரத்து நிறுவனமும் கூகுளும் சேர்ந்து, பஸ் நேர அட்டவணையைச் சில எளிய எழுத்துக் கோப்புகளாக எழுதும் முறை ஒன்றைத் தொடங்கினார்கள். இன்று உலகம் முழுக்கப் பல நகரங்கள் அதையே பின்பற்றுகின்றன. பெரிய தொழில்நுட்பம் ஒன்றும் அதில் இல்லை. கட்டங்களின் பெயரில் எல்லோரும் ஒத்துப்போனார்கள், அதுதான் அதன் பலம்.

ஒரு எல்லையையும் சொல்லிவிட வேண்டும். இங்கே பேசுவது படிப்பைப் பற்றிய தகவல் மட்டும். படிக்கும் பிள்ளையின் பெயர், மதிப்பெண், சாதிச் சான்று, அப்பாவின் போன் எண் எதுவும் இந்தக் கோப்பின் பக்கமே வரக்கூடாது. அவை அந்தக் குடும்பத்துக்குச் சொந்தமானவை. 2023-ல் வந்த டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டமும் அப்படிப்பட்ட விவரங்களைப் பாதுகாக்கத்தான் வந்தது. இரண்டையும் ஒரே எக்செல்லில் வைத்திருக்கும் அலுவலகங்கள் முதலில் அதைப் பிரிக்க வேண்டும்.

நாங்கள் தொடங்கிய அட்டவணை

அரசாங்கம் செய்யட்டும் என்று காத்திருக்காமல், நாங்கள் மூன்று நண்பர்கள் ஒரு கோடை விடுமுறையில் தருமபுரி, கிருஷ்ணகிரி இரண்டு மாவட்டத்துக் கலைக் கல்லூரிகளுக்கும் ஒரு அட்டவணை போட ஆரம்பித்தோம். முதலில் கட்டங்களின் பெயரை முடிவு செய்தோம். கல்லூரிக் குறியீடு, படிப்பு, பட்டம், ஷிப்ட், பயிற்று மொழி, அரசு உதவி உண்டா அல்லது சுயநிதியா, இடங்கள், கட்டணம், கட்டண ஆண்டு, விண்ணப்பத் தொடக்கம், முடிவு, நிலை, யாரிடம் கேட்டது, என்றைக்குக் கேட்டது. தெரியாத கட்டத்தை வெறுமையாக விட்டோம். சுழியம் போட்டால் கட்டணமே இல்லை என்று யாராவது நம்பிவிடுவார்கள்.

பிடிஎஃப்களைப் பார்த்து நிரப்பியதைவிடப் போன் போட்டுக் கேட்டு நிரப்பியதுதான் அதிகம். பாலக்கோடு, காரிமங்கலம், அரூர், ஊத்தங்கரை, ஓசூர் என்று வரிகள் ஏறின. வேண்டியவர் யாரும் எடுத்துக்கொள்ளலாம் என்று மேலே ஒரு வரி எழுதி, பள்ளி ஆசிரியர்களுக்கும் இ-சேவை மையம் வைத்திருக்கும் தம்பிகளுக்கும் அனுப்பினோம். பிழை இருந்தால் சொல்லுங்கள் என்றோம். சொன்னார்கள். முதல் வாரத்தில் வந்த திருத்தங்களில் பாதிக்கு மேல் ஷிப்ட் சம்பந்தப்பட்டவை.

பிறகு அஞ்செட்டிப் பக்கத்து மலைக் கிராமத்திலிருந்து ஒரு அம்மா பேசினார். பெண் ஓசூரில் சேரலாமா என்று யோசிக்கிறாள். அட்டவணையை மகனின் போனில் பார்த்திருக்கிறார். "எல்லாம் போட்டிருக்கீங்க தம்பி, நல்லா இருக்கு. ஆனா மத்தியான ஷிப்ட் முடிஞ்சு வர்றதுக்கு பஸ் இருக்கான்னு போடலியே? ஹாஸ்டல் இருக்கா?" என்று கேட்டார். எந்த நாட்டுத் தரத்திலும் நான் பார்க்காத கட்டம் அது. பொதுக் கட்டங்கள் அப்படியே இருக்க, வேண்டியதைப் பக்கத்தில் சேர்த்துக்கொள்ளத் தரங்கள் தடை சொல்வதில்லை. அன்றே இரண்டு கட்டம் சேர்த்தோம், 'விடுதி' என்று ஒன்று, 'கடைசி பஸ்' என்று ஒன்று.